தரைமட்டம் வந்தாச்சு, மோட்டார் ஏன் நிற்கவில்லை?

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருவாரூர் பக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் கும்பகோணத்தை ஒட்டிக் கட்டப்படும் ஓர் அடுக்குமாடியில், ஏழாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். கீழே கார் நிறுத்த ஒரு பேஸ்மெண்ட், அதற்கு மேல் தரைத்தளமும் 12 மாடியும். சென்ற ஆண்டு மார்ச்சில் வேலை ஆரம்பித்தார்கள். 14 மாதம் கழித்து இந்த மே மாதம்தான் தரைமட்டம் வந்திருக்கிறது. நடுவில் பத்து நாள் மணல் மூட்டையை மலை மாதிரி அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்போது “30 சதவீத வேலை முடிந்தது, இன்னும் 15 மாதத்தில் சாவி” என்று சொல்லி அடுத்த தவணையாக 15 சதவீதம் கேட்கிறார்கள். ஏற்கெனவே 30 சதவீதம் கட்டியாகிவிட்டது. தரைக்கு வரவே 14 மாதம் என்றால் 12 மாடி எப்போது வரும்? வாரம் ஒரு முறை பஸ் பிடித்துப் போய்ப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. இன்னொன்று: பள்ளத்தில் ஓடிய தண்ணீர் மோட்டார், மேலே தளம் போட்ட பிறகும் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் போகிற போக்கில் கேட்டதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. மோட்டார் ஓடுவது கோளாறு இல்லை. இன்றைய நிலையில் அது நின்றால்தான் கோளாறு.

இருபது வருஷத்துக்கு முன்னால், நாகப்பட்டினம் சாலையில் ஒரு கல்யாண மண்டப வேலை. தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தோம். வெளி அளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் 3 மீட்டர். மூடித் தளம் போடவில்லை, சுற்றிலும் மண் நிரப்பவில்லை, உள்ளே தண்ணீரும் விடவில்லை. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனபோது ஒப்பந்தக்காரர் டீசல் மிச்சம் என்று மோட்டாரை நிறுத்திவிட்டார். அடுத்த நாள் ஆரம்பித்த மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தொட்டியின் ஒரு மூலை தரையை விட்டு ஒன்றரை அடி எழும்பி நிற்கிறது. அதோடு இணைத்திருந்த குழாய் முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. காவலாளி யாரோ ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்.

தூக்கியது தண்ணீர். தொட்டியின் அடியிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் தண்ணீர் நின்றால், 6 பெருக்கல் 4 பெருக்கல் இரண்டரை, 60 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன், ஆக 60 டன் மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தொட்டியின் மொத்த எடை 45 டன்கூட இல்லை. கான்கிரீட் மிதக்குமா என்று கேட்பார்கள். இரும்புக் கப்பல் மிதக்கிறதே!

உங்கள் மகன் வீட்டுப் பேஸ்மெண்டும் இன்றைக்கு அப்படி ஒரு காலித் தொட்டிதான். அளவு பெரியது, அவ்வளவே. தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். அடித்தளம், நாங்கள் ராஃப்ட் என்று சொல்வது, அரை மீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றேகால் டன். மேலே இப்போது போட்ட தளம், தூண் எல்லாம் சேர்ந்து இன்னொரு டன். ஆக இரண்டேகால் டன் கீழே அழுத்துகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தரைக்கு ஒரு மீட்டர் கீழே வரை ஏறி, ராஃப்டின் அடிப்பகுதி தரைக்கு நாலரை மீட்டர் கீழே இருந்தால், மூன்றரை டன் மேலே தள்ளும். ஒன்றேகால் டன் குறைகிறது. ஒரு மாடிக் கூடு, அதாவது சுவர் இல்லாமல் தூணும் தளமும் மட்டும், சதுர மீட்டருக்கு முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை வரும். கணக்குப்படி இரண்டு மாடி எழுந்தால் சமம் ஆகிவிடும். பாதுகாப்புக்கு மூன்றாவது தளமும் போட்ட பிறகு மோட்டாரை நிறுத்தினால் நிம்மதி. பைல்கள், அதாவது அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்கள், இழுவிசையையும் தாங்கும்படி வடிவமைத்திருந்தால் முன்பே நிறுத்தலாம். எப்போது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர். சைட் மேஸ்திரியோ, டீசல் பில் கட்டுகிறவரோ இல்லை.

சோழ நாட்டுக்காரருக்குத் தண்ணீர் கணக்கை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள், ஜனவரி 28 அன்று மூடுவார்கள். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாறுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்தால் கொஞ்ச நாளில் கிணறு ஏறும். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை வந்து உட்காரும். மார்கழியில் சில இடங்களில் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினாலே குழியில் ஊறும். ஆக இங்கே பள்ளம் தோண்டுவதற்கு நல்ல காலம் மாசியிலிருந்து வைகாசி வரைதான். மார்ச்சில் பைல் வேலையை ஆரம்பித்தவர்கள் பள்ளம் வெட்டும்போது ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும், ராஃப்ட் போட வேண்டிய நேரத்தில் மழை வந்திருக்கும். 14 மாதம் என்பது கொஞ்சம் அதிகம்தான். முதல் பள்ளக்காலத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஆனால் அதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன்.

இதிலிருந்தே நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் வந்துவிடுகிறது. ஐப்பசி அடைமழைக்குள் தரைக்கு மேல் மூன்று தளம் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால் கட்டடம் தன் எடையில் தானே உட்கார்ந்துகொள்ளும். எழவில்லை என்றால் மழைக்காலம் முழுக்க அவர்கள் மோட்டாரை நம்பித்தான் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டரும் தயாராக நிற்க வேண்டும். பேஸ்மெண்ட், மேலே எழும் அடுக்குமாடியின் காலடியை விட அகலமாக, பக்கத்துத் தோட்டத்துக்கு அடியில் எல்லாம் நீண்டிருந்தால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த நீண்ட பகுதியின் மேல் கடைசிவரை மாடி வராது, எடையும் ஏறாது. “அங்கே மிதப்பைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இழுவிசைப் பைல், கனமான ராஃப்ட், மேலே மண் நிரப்புவது, எதுவாகவும் இருக்கலாம். பதில் உடனே வந்தால் நல்ல பொறியாளர் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்று வந்தால் அதே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்.

மோட்டாரைப் பற்றி இன்னும் ஒன்று. அடுத்த முறை போகும்போது ஒரு காலி வாட்டர் பாட்டில் எடுத்துப் போங்கள். மோட்டார் வெளியே தள்ளும் தண்ணீரை அதில் பிடித்து, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் லேசாக வண்டல் படிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் விரல் கனத்துக்கு மணல் படிந்தால், தண்ணீரோடு மண்ணும் வெளியே போகிறது என்று பொருள். நம் பகுதியில் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக இருக்கும். மணல் அடுக்கு உருவப்பட்டால் சுற்றியுள்ள வீடுகளின் சுவரில் விரிசல் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டால் வேலை நிற்கும். பக்கத்து வீடு அவர்களுடையது, தாமதம் உங்களுடையது.

சரி, மணல் மூட்டைக்கு வருகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நாளில் நடந்ததுதான் முழு வேலையிலும் நீங்கள் நேரில் பார்க்க முடிந்த ஒரே அஸ்திவாரப் பரிசோதனை! பைலின் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பார்கள். மூட்டைகளை மேடை போட்டு அடுக்கி, அந்த எடையை எதிர்ப்பாக வைத்து ஜாக்கியால் பைலைக் கீழே அமுக்குவார்கள். கட்டடத்தைத் தாங்கப் போகும் பைல் என்றால் அது சுமக்க வேண்டிய பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு. எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, பாரத்தை எடுத்ததும் எவ்வளவு திரும்பி எழுந்தது என்று நான்கு பக்கமும் டயல் வைத்து மணிக்கணக்கில் குறிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாலு பேர் குடைக்குக் கீழே நோட்டுப் புத்தகத்தோடு சும்மா இருப்பது போலத்தான் தெரியும்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் நகல்தான் உங்களுக்கு வேண்டும். தரைமட்டம் வந்தாச்சு என்றால் அஸ்திவாரம் மூடியாச்சு என்று பொருள். இனி அதை யாரும் பார்க்க முடியாது, காகிதத்தில்தான் பார்க்கலாம். அந்தக் காகிதங்களைக் கேட்க இதுதான் நேரம். தவணை கேட்டு அவர்கள் உங்களிடம் வந்து நிற்கிற நேரமும் இதுதானே. வேலையாட்கள், பைல் போட்ட கம்பெனி, சோதனைக்கூடம் எல்லாம் இன்னும் தொடர்பில் இருப்பார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் “அந்த ஃபைல் சென்னை ஆபீஸில் இருக்கிறது” என்பார்கள்.

முதலில் மண் பரிசோதனை அறிக்கை. ஆழ்துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று ஆழம் ஆழமாக எண்ணி எழுதியிருப்பார்கள். மேலே களிமண்ணில் ஐந்தாறு முறை அடித்தால் இறங்குவது, கீழே இறுகிய மணலில் ஐம்பது முறை அடித்தாலும் அசையாது. பைல் அந்த இறுகிய அடுக்கு வரை போயிருக்கிறதா என்பதை நீங்களே ஒப்பிடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக் கொடுத்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. அப்புறம் பைல் முழுமைச் சோதனை. பைல் தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கருவியில் கேட்பார்கள், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல. குழிக்குள் மண் சரிந்து நடுவில் இடுப்பு ஒடுங்கிய பைல் இருந்தால் அதில் தெரியும். எல்லாப் பைல்களுக்கும் செய்தார்களா, சிலவற்றுக்கு மட்டுமா என்று பாருங்கள். குறை சொன்ன பைல் ஏதாவது இருந்தால் அதற்குப் பதில் என்ன செய்தார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பைல்கூட குறை சொல்லவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான் வரும்.

கான்கிரீட் க்யூப் சோதனை உங்களுக்கே தெரிந்திருக்கும். 15 சென்டிமீட்டர் கட்டிகளை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பது. எம் 30 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வர வேண்டும், 7-ஆம் நாளில் ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லா அறிக்கையிலும் ஒரே எண் வந்தால் நம்பாதீர்கள். உண்மையான க்யூப்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும்.

பேஸ்மெண்ட் சுவர் காய்ந்துதானே இருக்கிறது, ஒழுகவில்லையே என்று காட்டுவார்கள். இப்போது ஒழுகாது, மோட்டார் ஓடுகிறதே! வெளியே தண்ணீர் நின்றால்தானே உள்ளே வரும்? மோட்டாரை நிறுத்தி, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு, தரையும் சுவரும் சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூத்த கோடு தெரிந்தால் அங்கே தண்ணீர் வந்து போயிருக்கிறது.

இனி 30 சதவீதக் கணக்கு. சொந்த வீடு கட்டும்போது பேஸ்மட்டம் போட்டாச்சு என்றால் நமக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கும், நாலு மாதத்தில் கிரகப்பிரவேசம் என்று. அந்தப் பேஸ்மட்டம் வேறு, இந்தப் பேஸ்மெண்ட் வேறு. பேரில்தான் ஒற்றுமை. பைல், பள்ளம், ராஃப்ட், தண்ணீர் தாங்கும் சுவர், தளம் எல்லாம் சேர்த்து மொத்தக் கட்டுமானச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வரும் என்பது என் அனுபவக் கணக்கு. காலக் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர்கள் சொல்லும் 30 எந்தக் கணக்கு என்று கேளுங்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். சதவீதம் என்பது எப்படி வேண்டுமானாலும் வளையக்கூடிய சாமான். அதனால்தான் என் வாடிக்கையாளர்களிடம் சதவீதத்தைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள் என்பேன். தளம் போட்ட தேதி வளையாது.

12 மாடி எப்போது வரும் என்ற கேள்விக்குத் தேதியை வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் கட்டடத்தில் தரைக்கு மேல் இன்னும் 13 தளம் போட வேண்டும். சாதாரண சென்ட்ரிங் என்றால் முதல் மூன்று தளம் தலா ஒரு மாதம் எடுக்கும். உயரம் மாறும், தூண் அமைப்பு மாறும், ஆட்கள் பழக வேண்டும். அதற்கு மேல் ஒரே அச்சு. 20 நாளுக்கு ஒரு தளம் என்றால் பத்துத் தளத்துக்கு 200 நாள். ஆக பத்து மாதத்துக்குள். மழைக்கு ஒரு மாதம், சென்ட்ரிங் ஆட்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களாக இருந்தால் அவர்கள் சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு மாதம். ஒரு வருஷத்தில் உச்சித் தளம் வந்துவிட்டால் நல்ல வேகம். அலுமினிய அச்சு கொண்டுவந்திருந்தால் இன்னும் சீக்கிரம். தரைக்கு வர 14 மாதம் ஆனதை வைத்து மேலே உள்ளதைக் கணக்கிட வேண்டாம். மண்ணுக்குக் கீழே ஒரு மீட்டர் இறங்குவதும் மேலே ஒரு மாடி ஏறுவதும் ஒரே வேலை இல்லை.

ஆனால் உச்சித் தளம் வந்தால் வீடு வந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். அதற்குப் பிறகு சுவர் வேலை, பூச்சு, குழாய், மின்சாரம், டைல்ஸ், லிஃப்ட், தீயணைப்புக் குழாய்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு, அனுமதிகள். கூடுதலாகப் பத்து முதல் பன்னிரண்டு மாதம். ஆக இன்றிலிருந்து 15 மாதத்தில் சாவி நடக்காது. இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டு மகனிடம் வாடகை, கடன் தவணை எல்லாவற்றையும் அதன்படி திட்டமிடச் சொல்லுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும்போது கட்டுநர் ஒரு முடிவுத் தேதி கொடுத்திருப்பார். வாய்ச்சொல் 15 மாதத்தை விட்டுவிட்டு அந்தத் தேதியைப் பாருங்கள். தாமதத்துக்கு வட்டி கேட்பதானாலும், ஒப்பந்தத்தில் எழுதிய தேதிதான் பேசும்.

தவணை விஷயத்தில் என் தொழில் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒவ்வொரு தளத்துக்கும் இத்தனை சதவீதம் என்று இருக்கும். உச்சித் தளம் போடும்போது விலையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அதனால் சில கட்டுநர்கள் கூட்டை மட்டும் விறுவிறுவென்று எழுப்புவார்கள். சுவர் வேலை பின்னால் வராது. உச்சித் தளம் போட்டுக் கொடி கட்டி, பொங்கல் வைத்துக் கொண்டாடிய பிறகு சைட்டில் நாலு பேர்தான் இருப்பார்கள். பணம் வேறு ஊரில் இன்னொரு பள்ளத்துக்குள் போயிருக்கும். நம் ஊரில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு, காரணம் வேறாக இருந்தாலும். ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராயகோபுரம் அடிநிலையோடு நின்று சுமார் 400 வருஷம் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அஹோபில மடத்து 44-ஆம் ஜீயர் எடுத்துக்கட்டி, 1987-ல்தான் 13 நிலை, 236 அடி என்று முடிந்தது. அங்கே பெருமாள் காத்திருந்தார். உங்கள் மகன் வங்கிக் கடன் கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

ஆகவே கூடு எத்தனையாவது தளத்தில் இருக்கிறது என்பதோடு, சுவர் எத்தனையாவது தளத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுத் தளத்துக்கு அடியில் முட்டு நிற்க வேண்டும் என்பதால் சுவர் மூன்று நான்கு மாடி பின்னால் வருவது இயல்பு. அந்த இடைவெளி ஏழு, எட்டு என்று விரிந்துகொண்டே போனால் மகனிடம் சொல்லி அடுத்த தவணைக்கு முன் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

வாரம் ஒரு முறை போக வேண்டியதில்லை, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் இரண்டு தடவை போதும். ஒரே இடத்தில் நின்று, எதிர்வீட்டு மாடியோ ரோட்டின் எதிர்ப்பக்கமோ, ஒரே கோணத்தில் எடுங்கள். அருகில் போய் எடுத்த ஐம்பது படத்தை விட, தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் அதிகம் சொல்லும். எதிரே டீக்கடை இருக்குமே, அவரிடம் கேட்டால் தளம் போட்ட தேதி தெரியும். கான்கிரீட் லாரி காலையிலிருந்து ராத்திரி வரை வரிசையாக வந்த நாளை அவர் மறக்க மாட்டார், அன்றைக்கு அவருக்கு வியாபாரம். அந்தத் தேதிகளை ஒரு பழைய காலண்டரில் குறித்து வையுங்கள். போகும்போது தளத்தின் மேல் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இப்போது பெரும்பாலும் கலப்பு சிமெண்ட்தான், நம் வெயிலும் சேர்ந்தால் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரம் இருக்க வேண்டும். பேஸ்மெண்ட் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டே மேலே தளத்தைக் காயவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தளத்தின் மேல் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்குமே, அதையும் ஒரு படம் எடுங்கள். வேலை ஓடுகிற சைட்டில் அந்தக் கம்பி மீது இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தூண் ஏறிவிடும். அடுத்தடுத்த படங்களில் அதே கம்பி அப்படியே நின்று, செம்பழுப்பிலிருந்து கருத்து, தொட்டால் செதில் உதிரும் நிலைக்கு வந்தால் வேலை நின்றிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும். லேசான துரு தப்பில்லை. செதில் உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் கான்கிரீட் போட வேண்டும்.

இப்போது கேட்கும் 15 சதவீதத்தைக் கட்டலாமா? ஒப்பந்தத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். “தரைமட்டம்” என்று மட்டும் இருந்தால் சண்டைக்கு இடம் கொடுக்கும் வார்த்தை அது. அடுக்குமாடியின் முழுப் பரப்புக்கும் தளம் போட்டாச்சா, பாதிக்குப் போட்டுவிட்டு மீதி சென்ட்ரிங்கில் நிற்கிறதா? முழுசாகப் போட்டிருந்தால் தவணை நியாயம்தான். நீங்கள் கட்டப்போகும் 45 சதவீதத்தையும் கட்டுமானச் செலவின் ஐந்தில் ஒரு பங்கையும் நேராக ஒப்பிடாதீர்கள். வீட்டு விலையில் பிரிபடாத மனைப் பங்கின் விலையும் இருக்கிறது, கும்பகோணத்தில் மனை விலை உங்களுக்கே தெரியும்.

ஆனால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 30 கட்டிவிட்டீர்கள், பதிவு ஆகியிருக்கிறதா? இல்லை என்றால் இதோடு நிறுத்திவிட்டு முதலில் அதை முடியுங்கள். அடுத்து, வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, பொறியாளரும் கட்டடக் கலைஞரும் பட்டயக் கணக்காளரும் சான்று கொடுத்த அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். காசோலை அந்தக் கணக்கின் பெயருக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். “எங்கள் இன்னொரு கம்பெனி பெயருக்குப் போட்டுவிடுங்கள் சார்” என்றால் வேண்டாம். மூன்றாவது, அந்தப் பொறியாளர் கொடுத்த சான்றின் நகல். அதில் 30 என்று இருக்கிறதா, 20 என்று இருக்கிறதா என்று பார்த்தால் உங்கள் சந்தேகத்துக்கு அவரே பதில் சொல்லியிருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆணையத்தின் தளத்தில் வேலை நிலவரத்தை ஏற்ற வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் காலண்டரையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகன் கடன் வாங்கியிருந்தால் வங்கியின் பொறியாளரும் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன் நகலையும் கேட்கலாம்.

சாவி வாங்கிய பிறகும் ஐந்து வருஷத்துக்குக் கட்டமைப்புக் குறைக்குக் கட்டுநரே பொறுப்பு. மண் அறிக்கை, பைல் சோதனை, க்யூப் முடிவுகள் எல்லாம் அப்போதும் தேவைப்படும். அதனால் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புவதோடு விடாமல், நகல்களை வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள்.

ஜூன் 12 நெருங்குகிறது. அடுத்த முறை போகும்போது கேட்டுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று மோட்டார் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். வரவில்லை என்றால் உள்ளே போய், நிறுத்தச் சொன்னவர் யார், எந்தத் தேதியில், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ஏற்கெனவே மழை பிடித்திருந்தால் கடிதம் வேண்டாம், ஃபோன் செய்யுங்கள்.